முள் துள்ளிய இடம்

முத்திரையைக் கொடு என்று தலைமைப் பொறியாளர் கேட்கவில்லை. அது அவளுடைய எந்தப் பையில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துவைத்துக்கொண்டார். சக்கரம் இறங்கிப் பூட்டியதும் விமானிக்கு முன்னால் எரிய வேண்டிய பச்சை விளக்கு, தரையிறங்கும் நேரத்தில் மூன்றாவது முறையாக அணைந்து எரிந்திருந்தது. முந்தைய இரண்டு முறையும் பழுதில்லை என்று முத்திரை குத்தியவள் அவள்தான். இன்றும் கண்டுபிடிக்காவிட்டால் முத்திரை போய்விடும். பதினெட்டு வருட எலக்ட்ரீஷியன், இனி தன் வேலைக்கு இன்னொருவர் கையெழுத்துக்காக நிற்க வேண்டும்.

டிஜிட்டல் மீட்டர் சமர்த்துப் பிள்ளை. எந்தக் கம்பியில் வைத்தாலும் எல்லாம் சரி என்றது. நொடியில் வந்துபோகும் கோளாறை அது எண்ணாக்குவதற்குள் கோளாறு வீடு போய்ச் சேர்ந்துவிடும். துள்ளிக் காட்டுகிற பழைய முள் மீட்டர் ஒன்று, சோதனைத் தேதி முடிந்ததற்கான சிவப்புச் சீட்டோடு அளவுக்கருவி அறை அலமாரியில் கிடந்தது. சாவி, அந்த அறையைக் கவனிக்கும் அவள் நாத்தனாரிடம்.

"சிவப்புச் சீட்டைத் தொட விடமாட்டேன் அண்ணி. நீங்க கண்டுபிடிச்சாலும் செல்லாது."

"அப்ப சோதிச்சுப் பச்சை போட்டுக் குடு."

"முள்ளு முரண்டு பண்ணினா?"

"உங்கண்ணன்கூடவே குப்பை கொட்டுறேன். ஒரு முள்ளைச் சமாளிக்க மாட்டேனா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு நாத்தனார் ஒவ்வொரு அளவாகச் சோதித்தாள். நாற்பது வயது முள் மயிரிழை பிசகவில்லை. பச்சைச் சீட்டு ஒட்டி, தானே தூக்கிக்கொண்டு வந்தாள்.

சக்கரக் குழிக்குள் தலையை நுழைத்து அவள் கம்பிக் கட்டைச் சாண் சாணாக ஆட்ட, கீழே நாத்தனார் முள்ளைப் பார்த்தாள். அரை மணி நேரம் "இல்ல" என்ற ஒரே சொல். சக்கரக் கால் மடங்குகிற இடத்துக்குக் கை வந்தது.

"அண்ணி, துள்ளிச்சு."

"நீ கண்ணைச் சிமிட்டினியா?"

"மறுபடி ஆட்டுங்க. ம்... துள்ளுது."

அந்த இடத்துக் கம்பியை வெட்டிப் பார்த்தாள். மேலுறை புத்தம் புதிதாக இருந்தது. உள்ளே செம்பு இழைகள் அத்தனையும் அறுந்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தன. அதைப் பொறியாளர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாத்திட்டு நீயே முத்திரை குத்தும்மா."

புதுக் கம்பி போட்டு, ஜாக்கியில் தூக்கி நிறுத்திய விமானத்தின் கால்களை ஐந்து முறை மடக்கி இறக்கினார்கள். ஐந்து முறையும், பச்சை எரிந்ததும் விமானி அறை ஜன்னலில் நாத்தனாரின் கட்டைவிரல் உயர்ந்தது.

"போதும்மா, அஞ்சு ஆச்சு."

"ஆறாவது எனக்காக சார்."

விமானக் கொட்டகையே வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து நின்றது. கால்கள் வயிற்றுக்குள் போய், மெல்ல இறங்கத் தொடங்கின. அவை பாதி வழியில் இருக்கும்போதே பச்சைக்குக் காத்திராமல், ஜன்னலில் அந்தக் கை கட்டைவிரலை உயர்த்தி வெளியே நீண்டிருந்தது.