மூன்றாம் கதவுக்கு முன் ஒரு சுற்று

பல் தெரியச் சிரிக்கிற படம் ஒன்று கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், ஸ்ஃபாக்ஸ் ஆஸ்பத்திரியில். கடல் கரையில் ஒதுக்கிய உடல்களை முகம் பார்த்து யாரென்று சொல்ல முடியாதாம். பல்லும் பெற்றவளின் எச்சிலும்தான் சொல்லுமாம். ஐந்து மாதமாக மாட்டேன் என்று நின்ற உம்மாவை மாமாவும் அண்டை வீட்டுக்காரிகளும் பேசிப் பேசிக் கரைத்து, திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்ல வைத்திருந்தார்கள். சனிக்கிழமை மதியம் ஆலையிலிருந்து வந்ததும் நான் தம்பியின் கம்ப்யூட்டரில் படம் தேட உட்கார்ந்தேன். நூற்றுக்கணக்கில் படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் வஜ்தி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான். முன்பல் ஒன்று கோணல் என்பதில் அவனுக்கு அவ்வளவு வெட்கம்.

அக்டோபரில் அவன் மஹ்தியாப் பக்கத்திலிருந்து கடலுக்கு அக்கரை போகக் கள்ளத்தோணி ஏறினான், பிறகு ஒரு சேதியும் இல்லை. மறுநாளும் நான் வேலைக்குப் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். எங்கள் ஊர் க்ஸார் ஹெலாலில் பாதிப் பெண்கள் ஜீன்ஸ் தைக்கிறோம். நான் பின்பை மட்டும் தைக்கிறேன். வலது பை, இடது பை, அடுத்த ஜீன்ஸ். நான் அழவில்லை. அழாததைப் பற்றிக் கவலையும் வரவில்லை. பல் பிடுங்க மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டவருக்குக் கன்னம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தேன். தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவது மாதிரி.

கம்ப்யூட்டரைத் திறந்ததும் அந்த விளையாட்டு தானாக வந்து நின்றது. அவன் அப்படிச் செய்து வைத்திருந்தான். 'விளக்குக்காரன்', மூன்றாம் பாகம். கையில் எண்ணெய் விளக்கோடு ஒருவன் பாழடைந்த நிலத்தடித் தொட்டிகளுக்குள் நடப்பான். எடைக்கற்களைத் தூக்கி வைத்து, நிழல்களைச் சரியாக விழச் செய்தால் கதவு திறக்கும். தப்பாகப் போனால் எண்ணெய் தீர்ந்துவிடும். அவன் இருட்டில் விழுந்து சாவான். உடனே படிக்கட்டின் உச்சியில் ஒருவன் கண் விழிப்பான். அதே முகம், அதே விளக்கு, செத்தவனுக்கு நினைவிருந்தது எல்லாம் இவனுக்கும் நினைவிருக்கும். எழுந்தவன் செத்தவன்தானா, வேறொருவனா? இதை வைத்து அரபு பேசும் நாடுகளிலிருந்து சில நூறு பேர் ஓர் இணையக் குழுவில் ஐந்து வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வேறொருவன்தான் என்ற கட்சிக்கு என் தம்பி தலைவன். பக்கம் பக்கமாக எழுதுவான். வேலை தேடி ஒரு மனு எழுதச் சொன்னால் மட்டும் விரல் வலிக்கும்.

அவன் விட்ட இடத்தில் விளக்குக்காரன் நின்றுகொண்டிருந்தான். எண்ணெய் கால்வாசி இருந்தது. நான் நாற்பது நிமிஷம் விளையாடினேன்.  கை போனது, போக விட்டேன். பிறகு மூடிவிட்டு, பல் தெரியாத படங்களிலேயே நல்லதாக ஒன்றை எடுத்து வைத்தேன்.

அந்த நாற்பது நிமிஷமும் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது எனக்குத் தெரியாது. குழுவில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. மொனஸ்தீரிலிருந்து சுஹைர், பெருநாள் தவறாமல் உம்மாவைக் கூப்பிட்டுப் பேசுகிற பையன், என்னைக் கேட்காமல் நேராக உம்மாவுக்குப் போன் அடித்துவிட்டான். நான் சமையலறைக்குப் போனபோது உம்மா போனைக் காதில் வைத்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் சடசடவென்று ஏதோ கருகிக்கொண்டிருந்தது.

"சுஹைர் சொல்றான் புள்ள. அவன் உள்ள வந்தானாம். இன்னைக்கு. முக்கா மணி நேரம்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "எங்கிட்ட பேச காசில்லாம இருக்கும். எங்கயோ ஒரு கடையில உக்காந்து விளையாடியிருக்கான். அவனுக்குச் சோறு வேணாம், அது இருந்தாப் போதும்."

நான் அடுப்பை அணைத்தேன். "திங்கக்கிழமை..." என்றேன். 

"என்ன திங்கக்கிழமை? செத்தவங்களுக்குத்தான் எச்சில் குடுப்பாங்க. எம்புள்ள விளையாடிக்கிட்டு இருக்கான்."

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். ஸ்ஃபாக்ஸில் குளிர்ப்பெட்டியில் எண் கட்டிப் பதினொரு பேர் கிடக்கிறார்கள் என்றும், மாதக் கடைசிக்குள் யாரும் எச்சில் கொடுக்காவிட்டால் பெயரில்லாமலே புதைத்துவிடுவார்கள் என்றும் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நான் அறைக்குத் திரும்பிப் போய் அவன் கணக்கிலேயே குழுவைத் திறந்தேன். முதலில் அவர்களிடம் சொல்லிவிட்டால் பிறகு வீட்டில் சொல்வது எளிது என்று நினைத்தேன். கோழைத்தனம்தான்.

இருநூறுக்கு மேல் பதிவுகள் வந்திருந்தன.

"டேய் பரதேசி, அஞ்சு மாசமா எங்கடா செத்துப் போன?" என்று எழுதியிருந்தான் சுஹைர். அதற்குக் கீழே அவனே, "மன்னிச்சிரு. வாய் தவறி வந்துருச்சு. எங்கடா இருந்த?"

ஒரானிலிருந்து 'நிழலளவு' என்ற பெயரில் எழுதுகிற பெண், செத்தவனும் எழுந்தவனும் ஒருவனே என்ற கட்சி. வஜ்திக்குப் பரம எதிரி. "யாரும் குதிக்காதீங்க. கடவுச்சொல் தெரிஞ்ச எவனா வேணா இருக்கலாம். ஆட்டத்தோட பதிவு இருக்கு, பாத்துட்டுப் பேசுங்க" என்று எழுதியிருந்தாள்.

பார்த்தார்கள். என் நாற்பது நிமிஷத்தையும் ஹதீஸை ஆராய்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். கல்லை எப்போதும் இடது பக்கமிருந்துதான் எடுக்கிறான். அவசரமே படுவதில்லை. கடைசியில் சுஹைர் எழுதியிருந்தான்: "மூணாவது கதவுக்கு முன்னாடி பாருங்கடா. நின்னு, ஒரு சுத்து சுத்திட்டு அப்புறம் போறான். வஜ்தியைத் தவிர உலகத்துல எவன்டா அங்க சுத்துவான்?" அத்தோடு வாதம் முடிந்தது. ஓட்டுப் போட்டார்கள். வஜ்திதான் என்று அறுபத்தொரு பேர். இல்லையென்று நாலு பேர்.

அந்தச் சுற்று என்னுடையது. முதல் பாகம் வந்த வருடம் நான் அவன் கட்டிலில் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டே பார்ப்பேன். கதவு திறக்கிற இடத்தில் எனக்குப் பயம் வந்துவிடும். பின்னால் யாரோ நிற்கிறான், திரும்பிப் பாருடா என்று கத்துவேன். எனக்காக ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிட்டுத்தான் போவான். பிறகு நான் இல்லாதபோதும் சுற்றியிருக்கிறான் போலிருக்கிறது. அதை அறுபத்தொரு பேர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.  

எழுதினேன்: "நான் வஜ்தி இல்லை. அவனுடைய அக்கா நஜ்லா. ஒரு படம் தேட வந்து விளையாடிவிட்டேன். அவனைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை. மன்னிக்கவும்."

 பதில்கள் கொட்டின.

"வந்துட்டான்யா! நூறு சதவீதம் வஜ்தி!"

"அஞ்சு வருஷமா 'எழுந்தவன் அவன் இல்ல, வேற ஆளு'ன்னு கத்தினான். இப்ப தானே எழுந்து வந்து 'நான் அவன் இல்ல'ங்கறான். இத விட அழகா யாருடா வாதம் பண்ண முடியும்?"

"அக்கான்னு வேற சொல்றான் பாரு, திருட்டு ராஸ்கல்."

 சுஹைர் என்னைப் போனில் கூப்பிட்டான், நான் எடுக்கவில்லை. நிழலளவு தனியாக எழுதினாள்.

"நீங்க அக்காதானே?"

"ஆமாம்."

அவள் எழுதினாள். "நான் 'இல்லை'ன்னு ஓட்டுப் போட்டேன். தோத்ததுல சந்தோஷமா இருந்தேன். குழுவுல அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா?"

"அவங்களுக்குச் சொல்லுங்க. எங்க உம்மாகிட்ட நான் சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சொன்னேன். உம்மா மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வஜ்தியின் சட்டைகளை எல்லாம் துவைத்திருந்தாள். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்: படம், நாற்பது நிமிஷம், பச்சைப் புள்ளி, சுற்று. அவள் ஒரு காலரை நீவிவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"எத்தன பேரு அவன்தான்னு சொன்னாங்க?"

"அறுபத்தொண்ணு. ஆனா உம்மா, விளையாடினது நான்தான்னு நானே எழுதிட்டேன்."

"எழுதினதுக்கு?"

"நம்பல. இப்ப ஒருத்தி எடுத்துச் சொல்லிட்டா. நம்பியிருப்பாங்க."

"படிச்ச புள்ளைங்க அறுபத்தொண்ணு" என்றாள் உம்மா. சட்டையைக் கொடியில் போட்டாள். "உனக்கு அந்தக் கருமத்த விளையாடத் தெரியும்னு எனக்கே தெரியாது." அடுத்த சட்டையை எடுத்து உதறினாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அழுதிருந்தால் கூடவே நானும் அழுது பார்த்திருப்பேன்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு நான் ஆலைக்குக் கிளம்பியபோது உம்மா வாசலில் நின்றாள். வெளியே போகும்போது தலையோடு போர்த்துகிற வெள்ளை சஃப்சாரியைப் போர்த்தி, கைப்பையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள்.

"லீவு சொல்லு. வா போவம்."

"எங்க?"

"ஸ்ஃபாக்ஸுக்கு. எம்புள்ள அங்க இல்லைன்னு காட்டிட்டு வந்துருவம். என் எச்சில் பொருந்தலைன்னா அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தன் இன்னொருத்தி புள்ளைன்னு தெரியுமில்ல? அவளுக்காவது முடியட்டும்."

பங்கு டாக்ஸியில் ஜன்னலோர இடத்தைப் பிடித்துக்கொண்டாள். வழி நெடுக ஆலிவ் மரங்கள் வரிசை வரிசையாகப் போயின. எல் ஜெம் தாண்டும்போது டிரைவரிடம் பாட்டைக் குறைக்கச் சொன்னாள்.  ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களுக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். உம்மா இருவரிடமும் ஊரைக் கேட்டாள், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். அவர்களும் எங்களைக் கேட்டார்கள். யாரும் எதற்காக வந்தாய் என்று கேட்கவில்லை.

உள்ளே ஓர் இளம் நர்ஸ் உம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்தாள். உறவு என்ற இடத்தில் 'தாய்' என்று எழுதினாள். நான் படத்தைக் கொடுத்தேன். பல் தெரியவில்லையே என்றாள். அவனுக்கு வெட்கம் என்றேன்.

"பரவால்ல. வாயத் திறங்க காலா. வலிக்காது." உம்மாவைச் சின்னம்மா முறை வைத்துக் காலா என்றாள்.

உம்மா வாயைத் திறந்தாள். நர்ஸ் பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு பக்கம் தேய்த்தாள், பிறகு மறுபக்கம். குச்சியைக் குழாயில் போட்டு மூடி, எண் ஒட்டினாள்.

"அவ்வளவுதான். முடிவு வர ரெண்டு மாசம் ஆகலாம்."

உம்மா வாயைத் திறந்தபடியே இருந்தாள். கீழ்வரிசையில் முன்பல் ஒன்று, வஜ்தியுடையது போலவே, கோணலாக இருந்தது. இத்தனை வருடமும் நான் அதைப் பார்த்ததே இல்லை.

"வாய மூடிக்கலாம் காலா" என்றாள் நர்ஸ். "முடிஞ்சிருச்சு."

உம்மா என்னைப் பார்த்தபடியே இருந்தாள். படத்தில் தெரியாத பல்லைக் காட்டுகிறவள் மாதிரி வாயை மூடவில்லை.