இருபத்தேழாம் வாரம்

தென்காசியில் சாரல் மேலிருந்து விழுவதில்லை. குறுக்கே வரும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வரும். குடை பிடித்தவருக்கும் முகம் நனையும்.

ஆனாலும் ஆனி பிறந்துவிட்டால் குடை இல்லாத கை ஊரில் கிடையாது.

உலகம்மாளின் கையிலும் ஒன்று இருந்தது. நாலு தடவை துணி மாற்றிய குடை. வளைந்த மரப்பிடி மட்டும் பழசு. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தியேட்டர் வாசலில் நின்றாள். மத்தியானக் காட்சிக்கு இன்னும் கால் மணி நேரம். அறுபத்திரண்டு வயதில், பரீட்சைக்கு வந்த பிள்ளையைப் போல் வாசல் கடிகாரத்தையே பார்த்தாள்.

படம், முத்துச்சாவடி.

நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அது வாரப் பத்திரிகையில் தொடர்கதை. ஐம்பத்திரண்டு வாரம். வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலில் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கும். குதிரைவீரன் வேழவனும் ஓடக்காரப் பெண் காரிகையும் என்ன ஆனார்கள் என்று தெரியும்வரை ஊரில் பாதிப் பேருக்குச் சோறு இறங்காது.

இப்போது அது சினிமா. மூன்று மணி நேரம்.

அவள் கணவர் குற்றாலிங்கம் மார்க் போடுவதற்கென்றே வந்திருந்தார். மின்வாரியத்தில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் எண்ணாகக் குறித்தால்தான் அவருக்குத் திருப்தி. சட்டைப் பையில் துண்டுக் காகிதம், பேனா. ஒரு மாதமாக ஒரே பேச்சு.

"அந்தக் குடைக் கட்டத்தை எப்படி எடுத்திருக்கான்னு பாக்கணும், உலகு. அதுலதான் இருக்கு எல்லாம்."

குடைக் கட்டம். இருபத்தேழாம் வாரம்.

அதை எழுதியது நாவலாசிரியர் இல்லை. உலகம்மாள்.

அந்த வாரம் மழை. ஐப்பசி மழை. தண்டவாளம் மூழ்கி ரயில் வரவில்லை. பத்திரிகையும் வரவில்லை. இருபத்தாறாம் வாரத்தில் வேழவன் கொட்டும் மழையில் யுத்தத்துக்குப் புறப்பட்டு ஆற்றங்கரையில் நிற்கிறான். இருபத்தெட்டில் பாசறையில் இருக்கிறான். கையில் ஒரு தாழங்குடை. அந்தக் குடை எப்படி வந்தது? யார் கொடுத்தார்கள்?

அப்போதெல்லாம் தொடர்கதையைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்ப்பார்கள். அச்சாபீசில் கொடுத்து அட்டை போட்டு பைண்டு செய்வார்கள். விட்டுப்போன வாரத்தை யாரிடமாவது இரவல் வாங்கி, கையால் எழுதிச் செருகுவார்கள். பதினேழு வயது உலகம்மாள் கடையநல்லூர் வரை விசாரித்துப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

ஒரு மத்தியானம் உட்கார்ந்தாள். தானே எழுதிவிட்டாள்.

காரிகை மழையில் ஓடிவருகிறாள். தன் தாழங்குடையை நீட்டுகிறாள். போகாதே என்று சொல்லவில்லை. வந்துவிடு என்றும் சொல்லவில்லை. "இது இரவல்தான். திருப்பித் தர வேண்டும்" என்கிறாள். அவ்வளவுதான். நனைந்துகொண்டே திரும்பிப் போகிறாள்.

அழகான கையெழுத்தில் எட்டுப் பக்கம். கூடவே ஒரு பொய்: செங்கோட்டைச் சிநேகிதியிடம் வாங்கிப் பார்த்து எழுதினேன்.

பைண்டு செய்த புத்தகம் தெருவைச் சுற்றியது. எதிர்வீட்டு ஆவுடை அந்த எட்டுப் பக்கத்தைப் படித்து மூக்கைச் சிந்தினாள். கோடிவீட்டு மரியபுஷ்பம் அதை மனப்பாடமே செய்துவிட்டாள். உலகம்மாள் வாயைத் திறக்கவில்லை. சந்தோஷத்தை வாய்க்குள் அடக்கிவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு மரியபுஷ்பத்திடமிருந்து குற்றாலிங்கத்தின் தங்கை வாங்கிப் போனாள். திருப்பிக் கொடுக்க அண்ணன்காரன் வந்தான். ஒல்லியாய், உயரமாய், சைக்கிளில். புத்தகத்தை நீட்டும்போது மழை பிடித்துக்கொண்டது. அவள் உள்ளே போய்க் குடையை எடுத்து வந்து கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு சிரித்தான்.

"இது இரவல்தானே? திருப்பித் தரணும்லா?"

அவள் எழுதிய வரி. அவன் வாயில். அந்த நிமிஷமே அவள் முடிவு செய்துவிட்டாள்.

குடையைத் திருப்பித் தர அவன் தனியாக வரவில்லை. அம்மா அப்பாவோடு, பூவும் பழமுமாக வந்தான்.

கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருஷம். அவள் கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அதே மரப்பிடிக் குடையை எடுத்துக் கொடுத்து அந்த வரியைச் சொல்வார். ஒருநாள்கூடத் தவறியதில்லை. பிறகு புத்தகமாக அச்சில் வந்த நாவலை மட்டும் அவர் தொடவே மாட்டார். தொடரில் வந்த படங்கள் அதில் இல்லையாம். உலகம்மாளும் தொட்டதில்லை. ஒருமுறை நூலகத்தில் கையில் எடுத்தாள். பிரிக்கப் பயந்து வைத்துவிட்டாள்.

அந்த ஒரு வரியை நம்பி வந்த மனுஷன். இன்று எல்லாம் தெரிந்துவிடும்.

உள்ளே நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவள், அவர், கூட வந்த ஆவுடை, மரியபுஷ்பம். விளக்கு அணைந்தது.

படம் நன்றாக இருந்தது. அதுதான் அவள் எதிர்பாராதது. ஆறு ஆறாகவே இருந்தது. குதிரை ஓடும்போது இருக்கை அதிர்ந்தது. காரிகை துடுப்பு போட்ட கையில் நரம்பு தெரிந்தது. உலகம்மாள் பயத்தை மறந்து பார்த்தாள்.

மழை வந்தது. ஆற்றங்கரை வந்தது.

வேழவன் சுங்கச் சாவடியின் தூணைப் பார்த்தான். அதில் ஒரு தாழங்குடை தொங்கியது. எடுத்துக்கொண்டு படகில் குதித்தான். சாவடிக்காரன் பின்னாலிருந்து கத்தினான். தியேட்டர் சிரித்தது.

அவ்வளவுதானா? நாற்பத்தைந்து வருஷம் பயந்தது இதற்கா? குடையைத் திருடியிருக்கிறான். உலகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள்.

பக்கத்தில் அவர் சிரிக்கவில்லை.

இடைவேளையில் மூன்று பேரும் கொதித்தார்கள். "அந்த எடத்தையே முழுங்கிட்டானே," என்றாள் ஆவுடை. நான் அதுக்காகத்தான் வந்தேன் என்று மரியபுஷ்பம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். குற்றாலிங்கம் காகிதத்தில் பெரிதாக எழுதினார். பத்துக்கு மூன்று. டைரக்டருக்குக் கடுதாசி வேறு போடப்போகிறாராம்.

மீதிப் படம் இன்னும் நன்றாக இருந்தது. கடைசியில் வெள்ளம் வடிந்த துறையில் காரிகை தனியாக நின்றபோது தியேட்டரே மூச்சடக்கியது. அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உலகம்மாளுக்குத் தாங்கவில்லை. தன் பயம் ஒரு பக்கம். ஆனால் பாவம், அந்தப் படம் என்ன செய்யும்? இல்லாத ஒன்றுக்காக அதைத் தோற்கடிக்கிறார்களே.

வெளியே வெயில். வெயிலோடு சாரல்.

"ஏங்க," என்றாள். "குடைக் கட்டம் கதையிலயே கெடையாது. ரயில் வரல. நாந்தான் எழுதினேன்."

ஆவுடை, "ஏட்டி," என்றாள்.

குற்றாலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். சாரலைத் துடைத்தார். மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"எட்டுப் பக்கமுமா?"

"எட்டுப் பக்கமும்."

"அந்த இரவல்தான்ங்கது?"

"அதுவும்."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். உலகம்மாள் குடைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப மத்த அம்பத்தோரு வாரத்தத்தான் அந்த மனுசன் எழுதியிருக்காரு," என்றார்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. மரியபுஷ்பம் பேருந்து நிலையம் வரை கேட்கிற மாதிரி சிரித்தாள். எட்டுப் பக்கத்தை மனப்பாடம் செய்தவளாயிற்றே.

அவர் காகிதத்தை எடுத்தார். மூன்றை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினார். எழுதாததை எடுக்கவில்லை என்று எப்படிக் குறைப்பது?

"மீதி ரெண்டு?" என்றாள் ஆவுடை.

"இவளக் கேக்காம எடுத்ததுக்கு."

பிறகு அவள் கையிலிருந்த குடையை வாங்கினார். விரித்தார். அன்று ஒல்லியாய், உயரமாய் ஒருவன் சைக்கிளோடு நின்று சிரித்த அதே சிரிப்போடு நீட்டினார்.

"இது இரவல்தான். திருப்பித் தரணும்."

நாற்பத்து மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவள் பதில் சொன்னாள்.

"தர வேண்டாம். எழுதினவ நான். மாத்திட்டேன்."

அவர் குடைக்குள் வந்தார். இருவரும் நடந்தார்கள். சாரல் மேலிருந்து விழவில்லை. குறுக்கே வந்தது. ஒரே குடைக்குள் இரண்டு முகமும் நனைந்தன.