பச்சை எழுத்தின் காவல்காரர்

"தொடாதே! கையை எடு!"

வாசலை மறித்து இரண்டு கைகளையும் அகல விரித்தார் மேற்பார்வையாளர். அந்த மருந்துக் கிடங்கில் அவருக்கு 'லோடு மாமா' என்று பெயர். எதிரே லேப்டாப்பும் கையுமாக நின்றவள் புரோகிராமர். அவருடைய சொந்த அக்கா மகளும்கூட.

அவர் முதுகுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறையில், பீரோ அளவில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருந்தது. எந்த மருந்து எந்த வேனில், எந்த ஆஸ்பத்திரிக்கு என்பதெல்லாம் அதன் வாக்கு. அதற்குப் பதிலாகப் புது புரோகிராம் எழுதத்தான் முதலாளி அவளை அமர்த்தியிருந்தார்.

"மாமா, இதைக் கழட்டிட்டுப் போக ஆள் வந்துட்டாங்க."

"முதல்ல என்னைக் கழட்டச் சொல்லு! வெளியே வேன் எல்லாம் வரிசையா நிக்குது. அத்தனையும் இன்சுலின். இப்படித்தான் முன்னே ஒருத்தன் 'ஒரு நிமிஷம் சார்'னு இவனை நிறுத்தினான். அன்னிக்குப் பூரா ஒரு வண்டி நகரல. குழந்தைங்க வார்டுலேர்ந்து ஒரு நர்ஸம்மா போன்ல அழுதாங்க. இன்னும் காதுல இருக்கு."

"எனக்கும் அதே பயம்தான் மாமா."

"உனக்கென்ன தெரியும்? இந்தக் கிழவன் முரண்டு பிடிச்சா தலையில ரெண்டு தட்டு, வழிக்கு வந்துடுவான். நேத்துகூட தட்டினேனா இல்லையா?"

"தட்டினீங்க." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"லோடு ஏத்துற இடத்து ஸ்கிரீன்ல இவன் எழுத்தைப் பாரு, என்னமா பளிச்சுனு இருக்கு! கண் ஆபரேஷனுக்கு அப்புறம்தான் இவனோட அழகே எனக்குத் தெரியுது. இவனைப் போய்..."

ஆவேசத்தில் ஓரடி பின்வாங்கினார். குதிகால் வயரில் சிக்கியது.

டப்.

உறுமல் நின்றது. மாமா முகத்தில் ஈயாடவில்லை. மறுகணம் வேட்டைநாய்க்குத் தப்பிய முயலாக லோடு ஏற்றும் இடத்துக்குப் பறந்தார்.

அங்கே...

திரையில் பச்சை எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. பிரிண்டர் கிறீச்சிட்டுச் சீட்டுகளைத் துப்பியது. "ஓரமா நில்லுங்க மாமா, வண்டி போகணும்!" என்று லோடுமேன் அதட்டினார். இன்சுலின் வேன் மாமாவை உரசாத குறையாகக் கேட்டைத் தாண்டியது. பின்னாலேயே அடுத்தது.

காலி அட்டைப்பெட்டி ஒன்றின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். பின்னாலேயே வந்தவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"அவன் செத்துட்டான். இது எப்படி ஓடுது?"

"ஒவ்வொரு வேலையா புதுசுக்கு மாத்திட்டேன் மாமா. ரெண்டையும் சேர்த்து ஓடவிட்டு, ரெண்டும் ஒரே பதில் சொன்ன பிறகுதான் அடுத்த வேலை. இங்கே எல்லாருக்கும் கை பழகினதுன்னு பச்சை எழுத்தை மட்டும் விட்டுவச்சேன். முதலாளிக்குத் தெரியும். உங்ககிட்ட சொன்னா தூங்கமாட்டீங்களேன்னுதான்..."

"அப்போ அந்தக் கிழவன்?"

"சும்மா உறுமிட்டிருந்தாரு."

"நேத்து நான் தட்டினதும் சரியாச்சே!"

"இங்கே ஒரு வயர் லூஸ். நீங்க அங்கே தட்டுற நேரம் நான் இங்கே சொருகினேன்."

முறைத்தார். முறைப்பு பாதியிலேயே உடைந்து சிரிப்பானது.

"எப்போலேர்ந்துடி இந்தக் கூத்து?"

"நீங்க ஆபரேஷனுக்கு லீவுல போனப்போ. இங்கே ஸ்கிரீனும் அப்போ மாத்தினதுதான். திரும்பி வந்து, எழுத்து பளிச்சுனு தெரியுதுன்னு டாக்டருக்குக் கூடை நிறையப் பழம் கொண்டுபோய்க் கொடுத்தீங்களே... அதுல பாதி எனக்கு வரணும் மாமா."