அனுமதிச் சீட்டில் இரண்டு

பல்லிக்கு விசா எடுத்து வரவழைக்கிறவனை எப்படி நம்புவது? என் தங்கை ரேவதியின் கணவன் ஹரீஷ்குமார் அதைத்தான் செய்தான். இந்தோனேசியாவிலிருந்து நீல நாக்கு அரணை, ஒரு ஜோடி. தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்கு பஸ் ஏறுகிறவனுக்கு இது எதற்கு? இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்றே நினைத்தேன்.

ஓசூரில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் பதினெட்டு வருடமாக வருகிற சரக்கைச் சரிபார்க்கிறவன் நான். "பேப்பரக் காட்டு மாப்ள" என்றேன். காட்டினான். இறக்குமதி உரிமம், வனத்துறை அனுமதி, பெங்களூரு விமான நிலையத்தில் தனியே வைத்துப் பார்த்த கால்நடை மருத்துவரின் சான்று. எட்டு மாதம் அலைந்திருக்கிறான். எல்லாவற்றிலும் எண்ணிக்கை இரண்டு. ஒரு முத்திரைகூடக் கோணலாக இல்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு சுத்தமாகப் பேப்பர் வைத்திருக்கிற சப்ளையரை நான் பார்த்ததே இல்லை.

போன மாதம் சிங்காரப்பேட்டையில் ஒரு கல்யாணம். "ரெண்டு நாளு தண்ணி மட்டும் வச்சிருண்ணா. உன்ன விட்டா யாரு இருக்கா?" என்று ரேவதி வீட்டை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை கண்ணாடித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். பெரிது இரண்டு. மரப்பட்டைக்கு அடியில் சின்னது ஆறு, விரல் நீளத்தில், துறுதுறுவென்று. மறுபடி எண்ணினேன். எட்டுதான். அகப்பட்டான் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

கணக்கு இடித்தால் எங்கள் ஸ்டோர்ஸில் ஒரே வழக்கம்தான். கூடுதல் சரக்கைத் தனியே பிரித்து, சிவப்புச் சீட்டு ஒட்டி, மேலே சொல்ல வேண்டும். சப்ளையரிடம் மட்டும் முதலில் கேட்கக் கூடாது. கேட்டால் கதை ஜோடித்துவிடுவான். அரணை கடித்தால் மரணம் என்பார்களே, அந்தப் பயத்தில் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆறையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினேன். சீட்டு ஒட்டி மொட்டைமாடியில் வைத்தேன். வனத்துறைக்குப் போன் செய்தேன். ஹரீஷுக்குச் செய்யவில்லை.

வனவர் மணிமேகலை மதியம் இரண்டு மணிக்கு வந்தார். அவர் காலையிலேயே போனில் கூப்பிட்டதில் ஹரீஷும் ரேவதியும் பந்தியிலிருந்து எழுந்து காரில் ஓடி வந்திருந்தார்கள். எட்டு இருக்கிறதாமே என்று அவர் கேட்டதும் ஹரீஷ் சிரித்தேவிட்டான்.

"குட்டி போட்டிருக்குது மேடம்! இது முட்ட போடாது, நேரா குட்டிதான். எங்க மச்சான் வச்சிருக்கீங்க?"

மணிமேகலை பேப்பரைப் புரட்டினார். "எல்லாம் சரியா இருக்குது. பொறந்தத முறையா பதிஞ்சிருங்க, தப்பு ஒண்ணுமில்ல. குட்டிங்களக் கொண்டாங்க."

நான் மாடி ஏறினேன். ஹரீஷும் பின்னாலேயே வந்தான். டப்பா தொட முடியாத சூடு. திறந்தபோது நான்கு அசையவே இல்லை. மற்ற இரண்டும் வாயைத் திறந்து திறந்து மூடின. ஹரீஷ் சிவப்புச் சீட்டையும் அதிலிருந்த என் கையெழுத்தையும் பார்த்தான். சீட்டைக் கிழித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் திட்டியிருந்தால் தேவலை.

கீழே மணிமேகலை பேனாவைத் திறந்தார். "செத்ததையும் எழுதணும். எப்படிச் செத்துச்சு?"

ரேவதி என்னைப் பார்த்தாள். நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"செத்தேதான் பொறந்திருக்குது மேடம்" என்றான் ஹரீஷ்.

அவனுடைய பேப்பரில் ஏறிய முதல் பொய் அதுதான். அவர் எழுதி முடிக்கிறவரை நான் வாயே திறக்கவில்லை.