கேட்டதற்கு மட்டும் பதில்

நேர்காணலில் பதினொரு பெண்களும் பேசிவைத்ததுபோல ஒரே விடையைச் சொல்லியிருந்தார்கள். வேலையிடத்தில் பிரச்சினை ஏதும் உண்டா? "இல்லை." உடம்புக்கு ஏதும்? "இல்லை, நல்லாயிருக்கிறன்." சுப்பவைசர் எப்படி? "நல்ல மனிசன்."

பிரசாந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிசனைப் பற்றி அருள்மலர் அன்ரி போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் என்னென்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரியும். கேக் வெட்டும்வரைக்கும் திட்டினார், வெட்டிய பிறகும் திட்டினார். அதே அன்ரி வோபர்னில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ரெக்கோடருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்து, "ஒரு குறையுமில்லைப் பிள்ளை" என்று முடித்துவிட்டார்.

இளம் சமூக அறிவியலாளர்களுக்கான ஆய்வுப் புலமைப்பரிசில் அது. ரொறன்ரோ முழுவதிலுமிருந்து பத்துப் பேரை எடுத்திருந்தார்கள். ஒரு வருடச் சம்பளம், ஒரு மேசை, கதவில் பெயர். ஆனால் பாதி வழியில் ஒரு மதிப்பீடு உண்டு. அதில் தேறாதவர்கள் மேசையைக் காலிசெய்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். பிக்கரிங் பக்கத்து வெயார்ஹவுஸ்களில் ஏஜென்சி மூலம் வேலைசெய்யும் தமிழ்ப் பெண்கள், காயம் பட்டாலும் ஏன் முறையிடுவதில்லை என்பது அவளுடைய ஆய்வு. அவளுடைய தாய் தவமலரும் அந்த வேலைதான். வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் பிரசாந்தினி. இந்த ஆய்வைச் செய்யத் தன்னைவிடப் பொருத்தமான ஆள் இந்த நகரத்தில் கிடையாது என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தாள். அடக்கம் அவளுக்கு என்றைக்குமே வந்ததில்லை.

இப்போது மதிப்பீடு இந்த வெள்ளிக்கிழமை. கையில் இருந்ததெல்லாம் "இல்லை."

"ரெசிலியன்ஸ் எண்டு எழுதுங்கோ அக்கா," என்றான் கிளிபோட். அதே புலமைப்பரிசிலில் பக்கத்து மேசைக்காரன், இங்கேயே பிறந்தவன். "கஷ்டம் இருக்கு, பட் அவை சிரிச்சுக்கொண்டு தாங்கினம். மதிப்பிடுற பனல் அப்பிடியே உருகிப் போகும்."

"செருப்பால அடிப்பன்."

"ஏன்? வேர்க் பண்ணும்."

"அதுதான்ரா கோவம். வேர்க் பண்ணும்."

வீட்டுக்குப் போனபோது தவமலர் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, விட்பியில் இருக்கும் தங்கையோடு போனில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, போனை வையுங்க. உங்கள ஒருக்கா இன்ரர்வியூ பண்ணப் போறன். என்ட கேள்வியில என்ன பிழை எண்டு பாக்கவேணும்."

"என்னையா? நான் வாயத் திறந்தா நீ தாங்கமாட்டாய் மகள்."

அதுவும் உண்மைதான். அந்த வீட்டில் தவமலரைப் பேசவைப்பதற்கு ஆள் தேவையில்லை, நிறுத்துவதற்குத்தான் தேவை. பிரசாந்தினி ரெக்கோடரை மேசையில் வைத்தாள். தாளைப் பார்த்து வாசித்தாள்.

"உங்கட முழுப் பெயர்? எந்த வருசம் கனடாவுக்கு வந்தனீங்க?"

தவமலர் காலைக் கீழே இறக்கினார். முதுகு நிமிர்ந்தது. இரண்டு கைகளும் மடிக்குள் போயின. பெயர், திகதி, விமானம், இறங்கிய இடம் என்று எல்லாம் மனப்பாடம்போல ஒரே தாளத்தில் வந்தன. மகள் பிறந்ததிலிருந்து கேட்டிராத ஒரு குரல்.

"வேலையில பிரச்சினை ஏதும் இருந்ததா?"

"இல்லை."

"அம்மா! போன வருசம் விரல் நசிஞ்சு வீட்டில கிடந்தீங்களே!"

தவமலர் திடுக்கிட்டுத் தன் விரலைப் பார்த்தார். பிறகு வெட்கமும் சிரிப்புமாக முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கே தெரியா மகள். நீ அப்பிடிக் கேக்க, அகதிக் கேஸ் விசாரிச்ச அறைக்குள்ள திரும்பப் போயிற்றன். கேட்டதுக்கு மட்டும் பதில், ஒண்டும் கூட்டாதீங்க, சொன்னத மாத்தாதீங்க எண்டு லோயர் தலைதலையா அடிச்சுச் சொன்னவர். உன்ட சத்தமும் அந்த ஒபிசர்ர சத்தம் மாதிரியே இருக்கு."

பிரசாந்தினி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பதிவுகளை மறுபடி கேட்டாள். இந்தமுறை பெண்களை அல்ல, தன்னை. முழுப் பெயர் சொல்லுங்கோ. வந்த வருசம் சொல்லுங்கோ. சுருக்கமாச் சொல்லுங்கோ. இதில கையெழுத்து வையுங்கோ. புலமைப்பரிசில் திட்டத்தினர் கொடுத்த கேள்வி வரிசை அது. அவள் அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கியிருந்தாள்.

ஒவ்வொரு பதிவின் கடைசியிலும், அவள் தேவையில்லாத பேச்சு என்று வெட்டி எறிந்த இடத்தில், ஒரு சின்னக் குரல் கேட்டது. "சரியாச் சொன்னனா பிள்ளை?" "மாறிக்கீறிச் சொல்லேல்லைத்தானே?" "இது காணுமே?"

அகதிக் கோரிக்கை விசாரணையில் ஒரு சொல் பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து பழகிய வாய்கள். சொந்தப் பிள்ளை ஒருத்தி போய் அவர்களை அதே கதிரையில் திரும்ப இருத்திவிட்டு, வாய் திறக்கிறார்களில்லை என்று கோபித்துக்கொண்டும் வந்திருக்கிறாள். முதலில் தன்மேல் எரிச்சல் வந்தது. தனக்குப் போக, கேள்வி வரிசையைத் தந்தவர்களுக்கும் நிறைய மிச்சம் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதிப்பீட்டு அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் திட்டத்தின் தலைவி, பேராசிரியர் டொறத்தி. பிரசாந்தினி திரையில் படமொன்றும் காட்டவில்லை. எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னாள்: "பதினொரு நேர்காணலும் குப்பை."

ஒருவர் பேனாவை மூடினார். "அப்படியென்றால், இவ்வளவு காலத்தில் உங்களிடம் ஒன்றும் இல்லை?"

"ஒன்று இருக்கிறது. ஏன் முறையிடுவதில்லை என்று கேட்கப் போனேன். நான் கேட்ட விதம்தான் விடை. கை நசிந்தால் வேலையிடத்தில் இவர்களிடம் நீட்டும் படிவமும் இதையேதான் கேட்கிறது: முழுப் பெயர், திகதி, சுருக்கமாக, கையெழுத்து. அதைக் கண்டவுடன் ஆபத்தில்லாத விடையைச் சொல்லிவிட்டு எழும்ப, அகதி விசாரணையிலேயே இவர்களைப் பழக்கியிருக்கிறோம். இந்தக் கேள்வி வரிசையைத் தந்தது நீங்கள். மொழிபெயர்த்தது நான். இரண்டு தரப்பும் பிழை."

முடிந்தது கதை என்று அவள் நினைத்தாள். மேசையில் கிடக்கும் சாமான்கள் ஒரு பைக்குள் அடங்குமா என்றும் யோசித்தாள்.

டொறத்தி கண்ணாடியைக் கழற்றினார். "இனி என்ன செய்வீர்கள்?"

"அவர்களோடு வேலைக்குப் போகும் வான் வண்டியில் போவேன். எதற்கு வருகிறேன் என்று முதலே சொல்வேன். கேள்வி கொண்டுபோகமாட்டேன். எதை எழுதலாம் என்பதை அவர்கள் சொல்லட்டும்."

வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். திரும்பக் கூப்பிட்டபோது டொறத்தி சிரிக்கவில்லை. "மிச்சக் காலம் முழுவதையும் இப்போதே தரமுடியாது. மூன்று மாதம் தருகிறோம். அதற்குள் காட்டுங்கள்." பிறகு, "அந்தக் கேள்வி வரிசையை இனி வருகிறவர்களுக்குக் கொடுக்கப்போவதில்லை," என்றார்.

வாசலில் கிளிபோட் நின்றான். "ஐ ஆம் சொறி எண்டாவது சொன்னீங்களா அக்கா?"

"நான் ஏன் சொல்லவேணும்?"

"ஓ மை கோட்."

திங்கட்கிழமை மத்தியானம் அருள்மலர் அன்ரியின் பழைய வானில் பின்சீற்றுக்குள் நெருக்கியடித்து ஏறினாள். ஆய்வுக்குத்தான் வருகிறேன், ஆனால் ஒன்றும் கேட்கமாட்டேன் என்று எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"வா, வா. கதவை இழுத்து அடி, இல்லாட்டிப் பூட்டாது," என்றார் அன்ரி.

கனதூரம் மீன் விலையும் யாரோ ஒருவரின் கல்யாண மண்டபமும்தான் பேச்சு. 401 நெடுஞ்சாலையில் ஏறியதும் அன்ரி ஸ்ரியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து உதறினார்.

"கை இன்னும் நோகுதே அக்கா?" என்றாள் பக்கத்தில் இருந்த நிலாணி.

"நோகாமல்? அந்தச் சுப்பவைசர் என்னைத் தனியத் தூக்கச் சொன்ன பெட்டியை நீ ஒருக்காத் தூக்கிப் பார்."

"அண்டைக்கு நீங்க ஈரத்தில வழுக்கினதெல்லோ?"

"ஆரடி வழுக்கினது? பெட்டிதான்!"

"சும்மா சொல்லாதேங்கோ, நான் பக்கத்திலதானே நிண்டனான்."

"ரெண்டுமில்லை," என்றார் பின்னாலிருந்த முஹ்ஸினா. "பெட்டி ஓடுற பெல்ற்றை நிப்பாட்டச் சொல்லிக் கத்தினனான். ஆர் கேட்டது?"

பிரசாந்தினி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அவளுக்கு அது லேசான காரியமல்ல. ஒருவரும் ஒருவரோடும் ஒத்துப்போகவில்லை. பிக்கரிங்கில் இறங்கும்வரைக்கும் சண்டை ஓயவில்லை, இறங்கிய பிறகும் தரிப்பிடத்தில் நின்று தொடர்ந்தது.

"இதை எழுதலாமோ அன்ரி?"

அருள்மலர் மற்றவர்களைப் பார்த்தார். முஹ்ஸினா தலையாட்டினார், நிலாணி தோளைக் குலுக்கினாள்.

"எழுது. எங்கட பேர் வேண்டாம். நான் வழுக்கினதெண்டு இவள் சொன்னதையும் எழுது. அது பச்சைப் பொய்யெண்டு நான் சொன்னதையும் எழுது." சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலடி நடந்தவர் திரும்பிப் பார்த்தார். "நாளைக்கும் வாறியோ? நான் இன்னும் தொடங்கவேயில்லை."