வராத ஹெலிகாப்டர்

ஜகார்த்தா சந்தையில் விற்கும் திருட்டு டிவிடிகளுக்கு அட்டை செய்வது என் வேலை. படத்தை யார் பார்த்தது? எந்தப் படமானாலும் மேலே ஒரு ஹெலிகாப்டர், கீழே கொஞ்சம் நெருப்பு. அப்படிப் போட்டால்தான் விற்கும் என்பது கடைக்காரர் ரோஜாலியின் சட்டம். ரசனை கெட்ட மனுஷன்.

நேற்று, எதிரே சோற்றுக்கடை நடத்தும் சுமியாத்தி அம்மா வந்து ஒரு டிவிடியை மேஜைமேல் ஓங்கிப் போட்டார்.

"இந்த அட்டைய எவன்டா செஞ்சது?"

ரோஜாலி கொஞ்சமும் கூசாமல் என்னைக் கைகாட்டினார்.

"படம் பூரா ஒரு கிழவரும் கிழவியும் டீ குடிக்கிறாங்க. ஹெலிகாப்டர் இப்ப வரும், அப்ப வரும்னு கண் கொட்டாம உக்காந்திருந்தேன்."

"வேற படம் தர்றேம்மா," என்றார் ரோஜாலி.

"வேற படம் யாருக்கு வேணும்? கடைசில கிழவருக்கு நெஞ்சுவலி வந்துடுச்சு. ரோடெல்லாம் வெள்ளம், ஆம்புலன்ஸ் வர வழியில்ல."

தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அட்டையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இவ்ளோ பெரிய ஹெலிகாப்டர வச்சிருக்கியே, அப்பக்கூட அனுப்ப மாட்டியாடா?"