ஒரு கால் செருப்பு

கண்ணை மூடினால் எனக்கு வெறும் இருட்டுதான். யார் முகமும் வராது, பெற்ற அம்மா முகம்கூட. அக்காவுக்கு நேர்மாறு. ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும், அது அவள் கண்முன் வந்து நின்றுகொள்ளும், லேசில் போகாது. அதனால்தான் விபத்தில் போன அப்பாவை அடையாளம் காட்ட, அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் பிணவறைக்குள் நான் மட்டும் போனேன்.

வெளியே வந்ததும், "எப்படிடா இருந்தாரு?" என்றாள்.

"தூங்குற மாதிரிதான்க்கா. ஒரு கால்ல மட்டும் செருப்பு இருந்துச்சு."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மூன்று வருடமாக அப்பா ஒரு கால் செருப்போடு எங்கள் ஹாலில் நடக்கிறார். அந்த வழியில் நாற்காலியைப் போட்டால், "எடுடா, இடிச்சுக்கப் போறாரு" என்று என்னை அதட்டுகிறாள்.

இன்று காலை பல் துலக்கிக்கொண்டே கேட்டாள்: "எந்தக் கால்ல செருப்பு இருந்துச்சு?"

சத்தியமாக எனக்கு நினைவில்லை. சொல்லித் தொலைப்போம் என்று, "வலது கால்" என்றேன்.

பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தாள். "ஐயோ, இத்தனை நாளா இடது கால்ல போட்டுல்ல நடக்க விட்டுட்டேன்!"

ஹாலைத் திரும்பிப் பார்த்தாள்.

"நின்னுட்டாரு. குனிஞ்சு கழட்டுறாரு, பாருடா."